சேவற்கொண்டை ஓரம் ஒரு மண்பாதை: கேள்வி பதில்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேனன்வில் என்னும் சிற்றூருக்கும் 89ஆம் எண் நெடுஞ்சாலைக்கும் இடையே ஓடுவது காட்டன்வுட் கேன்யன் சாலை. ஏறக்குறைய 75 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் பெரும்பகுதி வெறும் மண். அதில் நான் மூன்று முறை வாகனம் ஓட்டியிருப்பதை அறிந்த மலேசிய அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஐயா, கிராண்ட் கேன்யனைப் பார்த்துவிட்டால் போதாதா? இந்தச் சாலையில் அப்படி என்ன இருக்கிறது? (செந்தூல்)

கிராண்ட் கேன்யனில் விளிம்பில் நின்று கீழே பார்க்கிறோம். இங்கே பாறைகளுக்கு நடுவிலேயே பயணம் செய்கிறோம். மற்ற இடங்களில் கிடையாகப் படுத்திருக்கும் பாறை அடுக்குகள் இங்கே மடிந்து, செங்குத்தாய் நிமிர்ந்து நிற்பதால், அந்த முகட்டுக்குக் 'காக்ஸ்கோம்ப்', அதாவது சேவற்கொண்டை, என்றே பெயர். மென்மையான அடுக்கு அரிக்கப்பட்டு உண்டான பள்ளத்தின் வழியாகவே சாலை செல்கிறது. அதனால் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று நிறங்கள் கார்க் கண்ணாடிக்கு அருகிலேயே மாறிக்கொண்டு வரும்.

அண்ணே, சாதாரணக் கார் போதுமா, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல்தான் வேண்டுமா? (காஜாங்)

காய்ந்த நாளில், சாலை செப்பனிடப்பட்டிருந்தால், தரையிலிருந்து சற்று உயரமான எந்தக் காரும் போய்விடும். ஈரமான நாளில் எந்த ஃபோர் வீலும் போகாது. இதை நம்பாமல் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். முதல் நாள் இரவு மழை. காலையில் வானம் பளிச்சென்றிருந்தது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் லாரி ஓட்டிய தைரியத்தில் இறங்கினேன். அந்த வட்டாரத்து மண்ணில் பெண்டோனைட் என்னும் களிமண் கலந்திருக்கிறது. பழங்கால எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான அது, நீரை உறிஞ்சி உப்பிச் சவர்க்காரம்போல் வழுக்கும். டயரின் வரிகள் முழுவதும் சாம்பல் நிறச் சேறு அப்பிக்கொள்ள, ஸ்டியரிங்கைத் திருப்பியும் கேளாமல் வண்டி பக்கவாட்டில் நகர்ந்து ஓரப் பள்ளத்தில் நின்றது. இறங்கி நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் காலணி ஒரு கட்டி கனமானது. மாலை வெயிலில் மண் இறுகும் வரை காத்திருந்து, வந்த வழியே திரும்பினேன். எனவே, எந்த வண்டி என்பதைவிட எந்த நாள் என்பதே முக்கியம். கேனன்வில்லிலும் தென்முனைக்கு அருகில் பிக் வாட்டரிலும் உள்ள வருகையாளர் மையங்களில் அன்று காலை சாலை நிலவரம் கேளுங்கள். அவர்கள் வேண்டாமென்றால் வேண்டாம்.

தலைக்கு மேல் மேகமே இல்லையென்றால் வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டுமா? (உலு லங்காட்)

உங்கள் ஊர்க்காரருக்குக் 'கெப்பாலா ஆயர்' என்னும் திடீர் ஆற்றுவெள்ளம் தெரியாததா? மலையுச்சியில் பெய்த மழை, அருவியடியில் குளித்துக்கொண்டிருப்பவர்கள்மேல் திடீரென்று இறங்குகிறதே, அதே கதைதான். பாலைநிலத்தில் நீரைப் பிடித்துவைக்க மண்ணும் மரமும் குறைவாக இருப்பதால் அது இன்னும் வேகமாக வரும். அதே வட்டாரத்தில், பேஜ் நகருக்கு அருகிலுள்ள ஆன்டிலோப் பள்ளத்தாக்கில், 1997 ஆகஸ்ட் 12 அன்று தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் 11 பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம். வசந்த காலத்தின் பிற்பகுதியையோ அக்டோபரையோ தேர்ந்தெடுங்கள். சாலையை வெட்டிச் செல்லும் ஓடையில் நீர் ஓடினால் இறங்காதீர்கள். வறண்ட ஓடையிலும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

வாடகைக் காரை மண்சாலையில் ஓட்ட விடுவார்களா? (கெப்போங்)

பெரும்பாலான ஒப்பந்தங்கள் தடை செய்கின்றன. மீறினால் சேதத்துக்கும் இழுவைச் செலவுக்கும் காப்புறுதி கைகொடுக்காது. ஒப்பந்தத்தை முழுமையாகப் படியுங்கள், அல்லது மண்சாலைக்கென்றே ஜீப் வாடகைக்கு விடுவோரை நாடுங்கள். ஜே.பி.ஜே. எனும் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையில் அனைத்துலக ஓட்டுநர் உரிமமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்? (பூச்சோங்)

ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் நீர், முழுத் தொட்டி பெட்ரோல், காற்று நிரம்பிய மாற்று டயர். கடைசியாகச் சொன்னதைக் கிளம்பும் முன் குனிந்து பார்த்துவிடுங்கள், யாரும் பார்ப்பதில்லை. கைப்பேசி அலைவரிசை வழியில் கிடைக்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை விடுதியில் சொல்லிவையுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அழைத்துச் செல்லலாமா, அண்ணே? (பத்துமலை)

தாராளமாக. ஆனால் முழுச் சாலையும் வேண்டாம். கேனன்வில் பக்கமிருந்து போனால், கோடக்ரோம் பேசின் பூங்காவுக்குத் திரும்பும் இடம் வரை தார்ச்சாலை. அதன்பின் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் மண்பாதையில் குரோவ்னர் ஆர்ச் வரும். ஏறத்தாழ 46 மீட்டர் உயரத்தில், பெரிதும் சிறிதுமாய் இரண்டு வளைவுகள் கொண்ட இளமஞ்சள் பாறை அது. வாகன நிறுத்தத்திலிருந்து அதன் அடிவரை சிமெண்டு நடைபாதை போட்டிருக்கிறார்கள்; மேசைகளும் கழிவறையும் உண்டு, கடை மட்டும் கிடையாது. கட்டுச்சோறு கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்புங்கள்.