விஞ்ஞானி கொள்கைப் பக்கம் போனால் படிப்பு வீணா?

ஆராய்ச்சிப் பட்டம் முடித்த கையோடு சர்வதேசச் சுற்றுச்சூழல் கொள்கைப் பக்கம் போனால் படித்ததெல்லாம் வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஆனால் படித்த பாடம் அப்படியே கைகொடுக்கும் என்றும் நம்பிப் போகாதீர்கள்.

முஸ்தபா டோல்பாவைப் பாருங்கள். எகிப்துக்காரர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1949-இல் முனைவர் பட்டம் வாங்கியது தாவர நோயியலில். (நானும் அதே துறை, அதனால் கொஞ்சம் பாசம் கூடுதல்தான்.) 1972-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் எகிப்துக் குழுவுக்குத் தலைவர். அப்புறம் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்துக்கு 1975 முதல் 1992 வரை தலைமை.

அவர் பெயர் நிற்பது ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில். ஃபிரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் என்ற வாயு ஓசோனைக் கெடுக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்று சொல்லியே பல நாடுகள் காலம் கடத்தின. 1987 ஏப்ரலில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில், ஓசோன் எவ்வளவு குறையும் என்று கணினியில் கணித்துப் பார்க்கிற விஞ்ஞானிகளை டோல்பாவின் அமைப்பு ஒன்றாக உட்காரவைத்தது. கணிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அதே மாதம் ஜெனீவா பேச்சுவார்த்தைக்கு அவரே நேரில் போய், இனி அந்தச் சாக்கு செல்லாது என்றார். வளிமண்டல வேதியியல் அவர் துறையே இல்லை. விஞ்ஞானிகளிடம் எந்தக் கேள்வியைக் கேட்டால் சண்டை தீரும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ஆராய்ச்சி செய்த காலம் அங்கேதான் பலித்தது என்பேன்.

மீதி வேலையை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தராது. ஒப்பந்த வரைவில் எல்லா நாடுகளின் சம்மதமும் கிடைக்காத சொற்களெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் கிடக்கும். சில பக்கங்களில் அடைப்புக்குறிதான் அதிகம். டோல்பா முக்கியமான நாடுகளின் பேச்சுவார்த்தைக் குழுத் தலைவர்களைச் சின்ன அறைக்குக் கூப்பிடுவார், அரசின் சார்பாக இல்லாமல் சொந்தக் கருத்தாகப் பேசச் சொல்வார், பிறகு தானே ஒரு வரைவு எழுதி முன்வைப்பார். அமெரிக்கா 95 சதவீதம் வரை குறைக்கச் சொன்னது. ஐரோப்பியத் தரப்போ இருக்கிற அளவில் நிறுத்தினால் போதும் என்றது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியலில் 50 சதவீதக் குறைப்பில் முடிந்தது. நிபுணர் குழு அவ்வப்போது மறுபரிசீலனை செய்யவேண்டும் என்ற பிரிவும் சேர்ந்ததால், 1990-இல் லண்டன் கூட்டத்தில் முழுத் தடைக்கே போக முடிந்தது.

லண்டனில் பிரச்சினை பணம். மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு உதவி இல்லாமல் சேரமாட்டோம் என்று இந்தியாவும் சீனாவும் நின்றன. கடைசியில் அதற்காக 16 கோடி டாலரில் ஒரு நிதி என்று முடிவானது. இவ்விரு நாடுகளும் சேர்ந்தால் இன்னும் 8 கோடி வரை. இந்தியா 1992-இல் சேர்ந்தது.

உங்களுக்கு என் யோசனை: பட்டத்தை முடியுங்கள், கூடவே இந்த ஒப்பந்தத்தைக் கவனிக்கும் ஐ.நா.வின் ஓசோன் செயலகத்தின் இணையதளத்தில் இருக்கும் பழைய கூட்ட ஆவணங்களைப் படியுங்கள். அந்த அடைப்புக்குறிகள் சலிப்புத் தட்டினால் ஆய்வகத்திலேயே இருந்துவிடலாம், தப்பில்லை.