எஞ்சினில் கருகல் மணம் வந்தால் எஞ்சினைக் கழற்றத்தான் வேண்டுமா?

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தினமும் காரில் போகிறீர்கள், 20 நிமிடம் ஓடினதும் கருகல் மணம் வருகிறது, எங்காவது நின்றால் இன்னும் கூடுகிறது, புகை இல்லை, வெப்ப முள்ளும் நடுவில்தான் நிற்கிறது, கராஜில் எஞ்சினைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இதுதானே உங்கள் கேள்வி? தயவுசெய்து இப்போதைக்குக் கழற்ற விடாதீர்கள். நீங்கள் சொல்வதெல்லாம் எனக்கு நடந்ததுதான், என் காரில் கடைசியில் மாற்றியது ஒரு ரப்பர் பெக்கிங்கும் ஒரு சின்ன வால்வும் மட்டும்.

முதலில் மணம் என்ன மாதிரி என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. பாகு காய்ச்சுவது போல இனிப்பாக வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எங்கோ கசிகிறது. ரப்பர் மணத்தோடு கீச்சென்ற சத்தமும் வந்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது அது சுற்றும் கப்பிகளில் ஒன்று இறுகிப்போய்விட்டது. காகிதம் எரிந்த மாதிரி, அதுவும் ஏற்றத்தில் மட்டும் வந்தால் கிளட்ச். மகியங்கனைப் பக்கத்தால் கண்டிக்குப் போகிறவர்கள் 18 வளைவு மலைப்பாதையில் ஏறும்போது கிளட்ச் மணத்தையும் இறங்கும்போது பிரேக் மணத்தையும் தெரிந்துகொள்வார்கள். உங்களுக்கு ஏற்றமே இல்லாத கரையோர வீதி, அதனால் கிளட்சை விடுங்கள். பிரேக்கா என்று அறிய, கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்திவிட்டு நான்கு சக்கரங்களுக்குக் கிட்ட கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம், ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடி நிற்கிறது.

பிளாஸ்டிக் அல்லது வயர் எரியும் மணம் என்றால் இந்தப் பரீட்சை ஒன்றும் வேண்டாம். உடனே ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, எல்லோரையும் இறக்குங்கள். புகையும் வந்தால் பொனட்டைத் திறக்கக் கூடாது, உள்ளே காற்றுப் போனால் நெருப்பு பிடிக்கும். புகை இல்லையென்று நிச்சயமானால் பற்றரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நம் பக்கம் வயலும் நெல் மூட்டையும் கிட்ட இருப்பதால் எலி பொனட்டுக்குள் ஏறி வயரைக் கடிப்பது சாதாரணம். பெற்றோல் மணம் வந்தாலும் உடனே நிறுத்தி எல்லோரையும் இறக்குங்கள், ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அறுவடைக் காலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போய்வந்தீர்களா? ஒருமுறை கொக்கட்டிச்சோலை போய் வந்த பிறகு என் காருக்கு அடியில் சைலன்சர் குழாயைச் சுற்றி வைக்கோல் சிக்கியிருந்தது. வீதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள், வைக்கோலும் கிடக்கும், நாம் அதற்கு மேலால்தான் வருகிறோம். காய்ந்த வைக்கோலும் சூடான குழாயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சொப்பிங் பை உருகி ஒட்டினாலும் நாட்கணக்கில் மணக்கும். எஞ்சின் நன்றாக ஆறினபின் குனிந்து பார்த்தால் தெரியும்.

அதெல்லாம் இல்லையென்றால் ஒயில்தான் என்பது என் கணிப்பு. எஞ்சினின் மேல் மூடியில் இருக்கிற ரப்பர் காலப்போக்கில் காய்ந்து கல்லாகிவிடும், கராஜில் டெப்பட் கவர் பெக்கிங் என்பார்கள், அதன் வழியாக ஒயில் சொட்டுச் சொட்டாகப் பல நூறு பாகை சூட்டில் இருக்கும் மெனிபோல்டில், அதாவது எஞ்சினின் புகை வெளியேறும் குழாயில், விழுந்து கருகும். ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நின்றதும் மணம் மேலே எழும்பி, முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரத்தால் உள்ளே வருகிறது. ஏசியை உள்காற்று மட்டும் சுழலும்படி மாற்றிப் பாருங்கள், மணம் குறைந்தால் அது பொனட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. பிறகு காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரோச் அடித்து மூடியின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள், மெனிபோல்ட் இருக்கும் பக்கம் ஈரமும் கறுப்பு அழுக்கும் இருக்கும். ஒயில் அளவையும் பாருங்கள், பெரும்பாலான சிறிய கார்களில் ஒயில் அளவு பார்க்கும் கம்பியின் இரண்டு குறிக்கும் இடையில் கிட்டத்தட்ட 1 லீற்றர், கீழ்க்குறிக்கு வந்துவிட்டால் ஊற்றாமல் ஓடவே வேண்டாம். சமீபத்தில் சேர்விஸ் பண்ணியிருந்தால் ஊற்றும்போது சிந்திய ஒயிலாகவும் இருக்கலாம், அது ஓரிரு நாளில் எரிந்து தீர்ந்துவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெக்கிங் புதிதாகப் போட்டேன், மணம் நின்றது, இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. அதே கராஜில் அப்போதும் எஞ்சினைக் கழற்றுவோம் என்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை, கல்லடியில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றையும் கழற்றாமல், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வை மட்டும் உருவி காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கினார், சத்தமே இல்லை. நல்ல வால்வு என்றால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். அது அடைத்துப்போனால் எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேற வழியில்லாமல் பெக்கிங்கைத் தள்ளிக்கொண்டு ஒயிலோடு வெளியே வருமாம். “தம்பி, மூச்சு முட்டுது இதுக்கு” என்றார். வால்வையும் பெக்கிங்கையும் சேர்த்து மாற்றினோம், நான்கு வருடமாகப் பிரச்சினை இல்லை.

ஆகவே இரண்டையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் குழிகளைச் சுற்றிய சின்ன ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் குழிக்குள் ஒயில் இறங்கி எஞ்சின் இழுத்து இழுத்து ஓடும். பழைய பெக்கிங் துண்டுகளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் ஒரே அளவில் இறுக்க வேண்டும். நன்றாக இருக்கட்டும் என்று பலத்தைப் போட்டு இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது சின்ன போல்ட், ஏறக்குறைய 10 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும், மீறினால் மூடி வளையும், மரை தேயும், பிறகு அதற்கு வேறு செலவு. கிட்ட நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வேலை முடிந்த பிறகும் மெனிபோல்டில் ஒட்டியிருக்கும் பழைய ஒயில் தீரும்வரை இரண்டு மூன்று நாள் மணக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு வாரம் கழித்து ரோச்சை எடுத்து மூடியின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரல் காய்ந்திருந்தால் சரி. ஈரம் பட்டால் இங்கே எழுதுங்கள், எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள்.