சிறைப் புனர்வாழ்வுத் திட்டங்கள் கைதிகளின் நடத்தையை உண்மையில் மாற்றுகின்றனவா?

மாற்றுகின்றன. ஆனால் சிறைக்குள் தெரியும் நடத்தையை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். என் சித்தப்பாவின் கதையைச் சொல்கிறேன்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் லயம்; வரிசையாக ஒட்டிய தொழிலாளர் வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு காம்பரா. கசிப்பு என்னும் கள்ளச்சாராய வெறியில் பக்கத்துக் காம்பராக்காரரைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிட்டு, சித்தப்பா இரண்டு வருடம் உள்ளே போனார். பார்க்கப் போகும்போதெல்லாம் காவலர்கள் அவரைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. அப்பாயி பூரித்துப் போவார். எனக்கு அதில் வியப்பில்லை. விடிகாலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு எழுந்து, கங்காணி காட்டிய நிரையில் இறங்கியே வளர்ந்தவருக்கு வரிசையில் நிற்பது புதிதா என்ன? போதாததற்கு, நன்னடத்தைக்குத் தண்டனைக் கழிவு உண்டு, கசிப்பும் கைக்கெட்டாது.

வாரம் ஒருமுறை ஆலோசனை வகுப்பு நடக்கும், சிங்களத்தில். சித்தப்பாவுக்கு அப்போது தெரிந்ததெல்லாம் கடைவீதிச் சிங்களம்தான். தலையாட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். வருகைப் பதிவேட்டில் மட்டும் அவர் பெயர் தவறாமல் இருந்திருக்கும்! கற்பவரின் திறனுக்கும் கற்கும் விதத்துக்கும் பொருந்தாத திட்டம் பலன் தராது என்று கனடிய உளவியலாளர்கள் ஆண்ட்ரூஸும் பொண்டாவும் 1990இலேயே எழுதிவிட்டார்கள்.

அவரை உண்மையில் அசைத்தது சிறை பேக்கரி. ஈஸ்ட் அளவு பிசகினாலோ போறணைச் சூடு தவறினாலோ அன்றைய பாண் முழுவதும் பாழ். திட்டு அவருக்கு மட்டுமல்ல, கூட நின்ற நால்வருக்கும். சண்டை பிடித்தால் அந்த வேலையே போய்விடும். பறிபோய்விடுமே என்று அவர் பயந்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். சிங்களத்தையும் அங்கே மா குழைத்தபடிதான் பழகினார். கொள்ளளவைவிட இரு மடங்குக்கும் மேல் ஆட்கள் நெரியும் இலங்கைச் சிறைகளில் அப்படியோர் இடம் கிடைத்ததே அதிர்ஷ்டம்.

ஆய்வும் கைத்தொழில், கல்வி பக்கமே பேசுகிறது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கையைக் காட்டி, சிறையில் படித்தவர்கள் மீண்டும் குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்பார்கள். அது ஒப்பீட்டுக் கணக்கு; நேராகப் பார்த்தால் சுமார் 13 சதவீதப் புள்ளி வித்தியாசம். அதுவும் சிறிதில்லை. ஆனாலும் வகுப்பைத் தேடி வருபவர் முன்பே மாற நினைத்தவராக இருக்கலாம் என்ற சந்தேகத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பா வெளியே வந்தபின் தோட்டத்தில் மீண்டும் பெயர் பதியவில்லை. வெட்டுப்பட்டவரின் வீடு நான்கு காம்பரா தள்ளி. மூன்றாம் மாதமே மறுபடியும் கசிப்பு. இரண்டு வருட நன்னடத்தை போன இடம் தெரியவில்லை. அந்த நேரத்தில் டவுனில் பேக்கரி நடத்தும் முதலாளி ஒருவர், எதையும் கேட்காமல், ‘இரவு வேலை, வருகிறாயா?’ என்றார். இரவெல்லாம் போறணையடியில் நின்றவருக்குக் குடிக்க நேரமில்லாமல் போனது. இப்போது ஆறு வருடமாகிறது.

சிறையில் பேக்கரிப் பயிற்சிக்குக் கொடுத்த சான்றிதழ் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. அதில் சிறைச்சாலையின் முத்திரை இருக்கிறது. எங்கே தொழில் பழகினீர்கள் என்று யாராவது கேட்டால், கொழும்பில் என்றுதான் இன்றும் சொல்கிறார்.