அழைத்த நாட்டில் எந்தச் சட்டம்? – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் உரிமையியல் வழக்கறிஞர். போரிலிருந்து மீண்டுவரும் ஒரு நாட்டில் சட்டத்தின் ஆட்சியை வலுப்படுத்தும் சர்வதேசத் திட்டமொன்றில், முதுநிலை சட்ட ஆலோசகராக அழைக்கிறார்கள். அந்த நாட்டின் மொழி எனக்குத் தெரியாது. ‘காலனியம்தான், கோட்டு மட்டும் புதிது’ என்கிறார் என் சீனியர். போகலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் சீனியரை எளிதில் மறுத்துவிட முடியாது. 1960களில் அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் தங்கள் நாட்டுச் சட்டக்கல்வியைப் பல வளரும் நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்த முயற்சியோடு தொடர்புடைய டேவிட் ட்ரூபெக்கும் மார்க் கேலண்டரும் 1974இல் எழுதிய கட்டுரையில், அப்படி ஏற்றுமதியான சட்ட இலட்சியம் அமெரிக்காவுக்கே பொருந்தவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். 2004இல் ஐ.நா. பொதுச்செயலாளரின் அறிக்கையும் அயல் மாதிரிகளை இறக்குமதி செய்வதற்கு எதிராக எச்சரித்தது. எச்சரித்த பிறகும் இறக்குமதி நடக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆனாலும் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். செர்பியாவின் பிடியில் இருந்து, 1999 போருக்குப் பின் ஐ.நா. நிர்வாகத்துக்கு வந்த, அல்பேனியர் பெரும்பான்மையான கொசோவோவைப் பாருங்கள். 1999 ஜூலையில் ஐ.நா. நிர்வாகம் தன் முதல் ஒழுங்குவிதியில், அந்த ஆண்டு மார்ச் 24க்கு, அதாவது நேட்டோ குண்டுவீச்சு தொடங்கிய நாளுக்கு, முன்பிருந்த சட்டமே தொடரும் என்றது. சட்டமே இல்லாத வெற்றிடம் கூடாது என்ற எண்ணம்தான். சட்டக்கல்லூரித் தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அல்பேனிய நீதிபதிகளுக்கு அது தங்களை ஒடுக்கிய செர்பிய அரசின் சட்டம். பலர் அதைப் பயன்படுத்த மறுத்தார்கள். டிசம்பரில் ஐ.நா. இறங்கிவந்து, 1989 மார்ச் 22 அன்று இருந்த சட்டம் என்று தேதியைப் பின்னுக்குத் தள்ளியது. கொசோவோவின் தன்னாட்சி பறிக்கப்படுவதற்கு முந்தைய நாள் அது. உள்ளூர் வழக்கறிஞர்கள் நான்கு பேரை முன்கூட்டியே உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அந்த மாதங்கள் மிஞ்சியிருக்கும். ஆலோசகரின் வேலையே அப்படிக் கேட்பதுதான் என்பது என் கட்சி. வரைவு எழுதுவதெல்லாம் அதற்குப் பின்னால்.

மொழி தெரியாததை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பு போர்த்துகீசியக் காலனியாகவும் பிறகு இந்தோனேசியாவின் பிடியிலும் இருந்த கிழக்குத் திமோரில், சட்டம் படித்தவர்களில் பலர் இந்தோனேசியாவில், அந்நாட்டு மொழியில் படித்தவர்கள். 2002இல் விடுதலை பெற்ற பிறகு புதிய சட்டங்கள் போர்த்துகீசிய மொழியில் வந்தன. மக்கள் பேசியதோ பெரும்பாலும் தேதும் (Tetum) என்ற உள்ளூர் மொழி. குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு மட்டுமா புரியாது? வாதாடுகிறவருக்கும் அரைகுறைதான்.

இன்னொரு தொல்லை, நன்கொடையாளர்களுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை. எத்தனை நீதிபதிகளுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், எத்தனை பட்டறைகள் நடத்தினீர்கள் என்று கேட்பார்கள். விசாரணையின்றிச் சிறையில் கிடந்த ஒருவர் வெளியே வந்தாரா என்பதற்கு அந்தப் படிவத்தில் பெரும்பாலும் கட்டம் இருக்காது.

ஆகவே கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். உங்களை அழைத்தது அந்த நாட்டு நீதி அமைச்சகமா, பணம் தருபவரா? வரைவை முதலில் எழுதப்போவது யார்? உங்களுக்கென்று முழுநேர மொழிபெயர்ப்பாளர் உண்டா? முதல் கேள்விக்கு அமைச்சகம், இரண்டாவதற்கு உள்ளூர்க்காரர்கள் என்று பதில் வந்தால் போங்கள். மூன்றாவதற்கு ‘பார்க்கலாம்’ என்றால், அதை ஒப்பந்தத்தில் எழுதித் தரும்வரை விமான டிக்கெட்டைத் தொடாதீர்கள்.