டெர்மினலில் ஒட்டும் முன்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு கட்டளையை இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) ஒட்டினேன். எண்டர் தட்டும் முன்பே ஓடிவிட்டதே, ஏன்?

பதில்: நகலெடுத்த பகுதியோடு வரிமுறிவும் வந்திருக்கிறது. தட்டுவதும் ஒட்டுவதும் ஒரே எழுத்தோட்டமாகவே போய்ச் சேர்வதால், கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலான ஷெல் அந்த வரிமுறிவை எண்டர் விசையாகவே எடுத்துக்கொள்கிறது. மேலும், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைப் பக்கத்தில் ஒளித்து வைக்கலாம்; நகலெடுக்கும் நொடியில் ஜாவாஸ்கிரிப்ட் வேறொன்றைக் கிளிப்போர்டில் வைக்கலாம். எதையும் முதலில் எளிய உரைத்தொகுப்பி ஒன்றில் ஒட்டிப் படியுங்கள்.

கேள்வி: என் ஷெல் பாஷ் 5.1. பிராக்கெட்டட் பேஸ்ட் (ஒட்டிய உரையைத் தனியே குறித்துக் காட்டும் முறை) தானாகவே இயங்குகிறது. இன்னும் ஏன் பயப்பட வேண்டும்?

பதில்: அது நல்ல காப்புதான். ஒட்டப்படும் உரையின் முன்னால் எஸ்கேப் எழுத்துடன் (திரையில் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்து) [200~ என்பதையும், பின்னால் அதேபோல் [201~ என்பதையும் டெர்மினல் சேர்த்து அனுப்புவதால், இடையில் வரும் வரிமுறிவை ஷெல் செயல்படுத்தாமல் காத்திருக்கிறது. ஆனால் உரைக்குள்ளேயே அந்த முடிவுக் குறி இருந்தால், அதற்குப் பின்வருவது விசைப்பலகையில் தட்டியதாகவே கருதப்படும். அதை வடிகட்ட வேண்டியது டெர்மினலின் பொறுப்பு. எல்லா டெர்மினல்களும் எப்போதும் அதைச் சரியாகச் செய்ததில்லை.

கேள்வி: முந்தைய பதில் மிகையானது. முடிவுக் குறியை இன்றைய டெர்மினல்கள் நீக்கிவிடுகின்றனவே?

பதில்: பல நீக்குகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிராக்கெட்டட் பேஸ்ட் முறையைக் கேட்டுப் பெறுவது மறுமுனையில் இயங்கும் நிரல். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியோடு இணையும் முறை) வழியாகப் பழைய ஷெல்லுக்குள் நுழைந்தாலோ, இதை அறியாத நிரலின் உள்ளீட்டில் ஒட்டினாலோ, உங்கள் டெர்மினல் எவ்வளவு புதிதாயினும் பாதுகாப்பு இல்லை. ஐயமிருந்தால் தீங்கற்ற இரண்டு எக்கோ (உரையைத் திரையில் காட்டும் கட்டளை) வரிகளை அங்கே ஒட்டிப் பாருங்கள். இரண்டும் காத்திருந்தால் முறை இயங்குகிறது. அந்தச் சோதனையை ஒவ்வொரு புதிய கணினியிலும் நானே செய்கிறேன், ஏனெனில் ரூட் (முழு நிர்வாகி) அனுமதியில் தவறாக ஓடிய ஒரு வரியைத் திரும்பப் பெற வழியில்லை.

கேள்வி: விம் உரைத்தொகுப்பியில் ஒட்டினால் வரிகள் படிப்படியாக உள்ளே தள்ளிப் போகின்றன.

பதில்: அது தானியங்கு உள்தள்ளல்; பேஸ்ட் விருப்பத்தை இயக்கிவிட்டு ஒட்டுங்கள்.

கேள்வி: ஒரே வரிதான், அதையும் தொகுப்பியில் ஒட்ட வேண்டுமா?

பதில்: முதல் கேள்வியும் ஒரே வரியைப் பற்றியதே. ஆம், வேண்டும்.

கேள்வி: நம்பகமான பக்கம் என்றால்?

பதில்: அப்போதும். வளைந்த மேற்கோள் குறியும் உடையா இடைவெளியும் (சாதாரண இடைவெளி போலவே தோன்றும் வேறு எழுத்து) நல்லெண்ணத்தோடு எழுதிய பக்கத்திலிருந்தும் வந்து கட்டளையைக் கெடுக்கும்.