சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா? சிறுநீரகக் கேள்விகளும் பதில்களும்

அரசு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அப்பாவுக்குப் பல வருஷமாகச் சுகர். 'மாத்திரை சாப்பிட்டே கிட்னி போயிடும்' என்று யாரோ சொல்ல, மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு ஏதோ மூலிகைப் பொடி சாப்பிடுகிறார். ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியாட்டினின் அளவு 1.1 தான். பயப்பட வேண்டுமா? (மதுரை)

டயாலிசிஸுக்கு வருகிறவரின் பையில் சுகர் மாத்திரை இருக்கும். அதைப் பார்த்து, மாத்திரைதான் கெடுத்தது என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. கெடுத்தது கட்டுக்குள் வராத சர்க்கரையும், அதோடு சேர்ந்து வரும் ரத்த அழுத்தமும். மெட்ஃபார்மின் சிறுநீர் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் உடம்பில் தேங்கும். அதனால் இஜிஎஃப்ஆர் (கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் சிறுநீரகத் திறன் எண்) 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்போம், 30க்குக் கீழே போனால் நிறுத்துவோம். கிட்னி பழுதானதால் நிறுத்திய மாத்திரை, ஊர் வாயில் கிட்னியைப் பழுதாக்கிய மாத்திரை ஆகிவிடுகிறது.

1.1ஐ மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். சிறுநீரகத்தின் திறன் பாதிக்கு இறங்கும்வரைகூட கிரியாட்டினின் இயல்பாகவே காட்டலாம். சர்க்கரை நோயில் பெரும்பாலும் முதலில் தெரிவது சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம்தான். லேபில், அதை அளக்கும் 'யூரின் ஏசிஆர்' சோதனையைக் கேளுங்கள். 30க்குள் இருந்தால் சரி. 30க்கு மேல் என்றால், மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் டெல்மிசார்டான், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளால் சிறுநீரகப் பழுதைப் பல வருஷங்கள் தள்ளிப்போட முடியும். வலியோ வீக்கமோ வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

அப்புறம் அந்தப் பொடி. அதில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி வகைச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் சுருங்கிப்போனது இந்தக் குடும்பச் செடியால்தான். சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. 'மூலிகைதானே' என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். பொடியை நிறுத்தச் சொல்லுங்கள். டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி தொடங்கட்டும்.

லாரி ஓட்டுகிறேன். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் மூன்று மாத்திரை சேர்த்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். வாரத்தில் நாலைந்து நாள் போடுகிறேன். ஓரங்கட்ட இடம் கிடைக்காது என்று தண்ணீரும் அதிகம் குடிப்பதில்லை. (நாமக்கல்)

தம்பி, இந்த இரண்டும் சேர்வதுதான் ஆபத்து. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் எல்லாம் சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் சிறு குழாயைச் சுருக்கும். உடம்பில் நீர்ச்சத்து நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு நாளைத் தாங்கிக்கொள்ளும். கேபின் சூட்டில் வற்றிப்போயிருக்கும்போது தாங்காது. பிபி மாத்திரையும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு இன்னும் மோசம்.

மடித்த காகிதத்தில் வாங்காதீர்கள். அட்டையோடு வாங்கிப் பெயரைப் படியுங்கள். அந்த மூன்றில் ஒன்று ஸ்டீராய்டாக இருப்பதும் உண்டு. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று முதலில் பாருங்கள். ஒரு தடவை கிரியாட்டினின், பிபி இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

பள்ளி ஆசிரியை. கழிப்பறை இருக்கிற நிலையில் உள்ளே போக மனம் வராது. காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். வருஷத்துக்கு மூன்று நாலு தடவை நீர்க்கடுப்பு. சூடு என்று இளநீர் குடித்தால் அடங்குகிறது, திரும்ப வருகிறது. (விழுப்புரம்)

டீச்சர், எல்லாவற்றையும் சூட்டின் தலையில் போடாதீர்கள். தண்ணீர் குடிக்காததால் சிறுநீர் அடர்ந்து எரிவது ஒன்று. அது நாலு டம்ளர் தண்ணீரில் அடங்கும். அடிக்கடி முட்டிக்கொண்டு வருவது, போனால் சொட்டுச் சொட்டாகப் போவது, அடிவயிற்றில் வலி, கலங்கல், நாற்றம் என்றால் அது தொற்று. பெரும்பாலும் நம் குடலில் வாழும் ஈ.கோலை கிருமிதான். பெண்களுக்குச் சிறுநீர்த்தாரை 4 சென்டிமீட்டர் அளவுதான் என்பதால் அது சுலபமாக மேலே ஏறும். அடக்கி வைத்தால் உள்ளே பெருக அதற்கு நேரம் கிடைக்கும்.

அடுத்த தடவை வந்தால், போன தடவை எழுதிய அதே மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். முதலில் கல்ச்சருக்கு (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) கொடுங்கள்: சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் கொடுக்கும் டப்பாவில் பிடிக்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதும் அதில் இருக்கும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப் பக்கம் வலி, வாந்தி வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கே போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி தெரிந்தால், கர்ப்பிணியைத் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போய் வந்தே ஆக வேண்டும். கழிப்பறையைச் சரிசெய்யச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். உங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளும் உங்களைப் போலவே அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

4 மி.மீ. கல். வாழைத்தண்டுச் சாறு கரைக்குமா? (ஈரோடு)

பெரும்பாலோருக்கு வருகிற கால்சியம் ஆக்சலேட் கல்லை எந்தச் சாறும் கரைக்காது. 5 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், புகழ் சாற்றுக்குப் போகும். நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள், பாலை நிறுத்தாதீர்கள். கல்லோடு காய்ச்சலும் வந்தால் தாமதிக்காமல் ஓடுங்கள்.

உப்பளத்தில் வேலை. சுகரும் இல்லை, பிபியும் இல்லை. ஆனாலும் கூட வேலை பார்த்தவருக்குக் கிட்னி போய்விட்டது. எப்படி? (தூத்துக்குடி)

இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகள், ஆந்திராவின் உத்தானம் பகுதி மக்கள், எல் சல்வடோர், நிகரகுவா கரும்புத் தொழிலாளர்கள் என்று வெயிலில் உழைக்கும் பலருக்கு இப்படி வருகிறது. வெப்பமும் நீரிழப்பும், குடிநீர், பூச்சிமருந்து என்று பல சந்தேகங்கள். ஒரே காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. மதுரைக்காரருக்குச் சொன்னது இங்கே பொருந்தாது: இந்த நோயில் சிறுநீரில் புரதம் குறைவாகவே இருக்கும், சிறுநீரை மட்டும் பார்த்தால் தவறிவிடும். கிரியாட்டினின் பார்த்தே ஆக வேண்டும். உச்சி வெயிலில் நிழலும் ஓய்வும் கேட்டு வாங்குங்கள். உடம்பு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கவே வேண்டாம்.

தாத்தாவுக்குச் சளி மாத்திரை கொடுத்த அன்று ராத்திரி சிறுநீர் அடைத்துக்கொண்டது. டியூப் போட்டிருக்கிறார்கள். மாத்திரையாலா? (தஞ்சாவூர்)

ஆமாம், இருக்கலாம். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி ஏற்கெனவே வீங்கியிருக்கும். சளி மாத்திரையில் உள்ள குளோர்ஃபெனிரமைன், ஃபீனைலெஃப்ரின் இரண்டும் கடைசித் தள்ளு தள்ளிவிடும். இந்த அடைப்பு நாள்பட இருந்தால் சிறுநீர் பின்னுக்குத் தேங்கி இரண்டு சிறுநீரகமும் வீங்கும். ஆனால் சீக்கிரம் அடைப்பை எடுத்தால் மீளக்கூடிய வகை இது, அதனால் ஸ்கேனும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். அங்கே தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையைச் சில நாள் கொடுத்துவிட்டு டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். எடுத்த பிறகு, சிறுநீர் போய்விட்டு வந்ததும் சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் கேளுங்கள். டாம்சுலோசின் பிபியை இறக்கும், அதனால் ராத்திரி எழும்போது கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.