எஞ்சின் மாற்றம்: தனி எஞ்சினா, முழுக் காரா?

கேள்வி: என் பின்சக்கர ஓட்டக் காரின் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் புகை தள்ளுகிறது. வேறு மாடலின் 2 லிட்டர் எஞ்சினைப் போட நினைக்கிறேன். ஒருவர் எஞ்சினை மட்டும் மலிவாகத் தருகிறார். இன்னொருவர் பின்பக்கம் நசுங்கிய காரையே தருகிறார், விலை இரண்டு மடங்கு. எதை எடுக்கலாம்?

பதில்: அந்தக் காரும் பின்சக்கர ஓட்டமாக இருந்தால் அதையே எடுங்கள். முன்சக்கர ஓட்டம் என்றால் எஞ்சின் பெரும்பாலும் குறுக்கே உட்கார்ந்திருக்கும், அதன் கியர்பாக்ஸ் உங்களுக்கு உதவாது.

தனி எஞ்சினில் வயரிங், ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி), அதற்குரிய சாவி, எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர் பெடல் எதுவும் பெரும்பாலும் வராது, சில சென்சார்களும் இருக்காது. ஒவ்வொன்றாகத் தேடினால் மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும். இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) உள்ள வண்டியில் சாவி பொருந்தாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் உடனே நின்றுவிடும்.

அடுத்து சம்ப், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி. அதன் ஆழமான கிண்ணம் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் காரின் கிராஸ் மெம்பரும் (எஞ்சினுக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டம்) அதே இடத்தில் இருந்தால் எஞ்சின் இறங்காது. சம்ப்பை வெட்டி மாற்றினால் ஆயில் உறிஞ்சும் குழாயையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் வளைவில் ஆயில் ஒதுங்கி பேரிங் போய்விடும். எஞ்சின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்டில் ஆடும் என்பதால் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளியாவது தேவை.

பணம் கொடுப்பதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தம், பார்த்தே ஆக வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்துங்கள். த்ராட்டிலை (காற்று போகும் வால்வு) முழுக்கத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 12, 12, 11.5, 8 பார் என்று வந்தால் நான்காவது சிலிண்டரில் கோளாறு. அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோதான் (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு). பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் கேஸ்கெட் மேல்தான் முதல் சந்தேகம்.

டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க கிராங்க் ஆயில் சீல், கிளட்ச் நான்கையும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே புதிதாகப் போடுங்கள். பிறகு சீல் கசிந்தால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். பிரேக்கும் ரேடியேட்டரும் 2 லிட்டருக்குத் தாங்குமா என்பதையும், பதிவுச் சான்றில் எஞ்சின் எண் மாற்ற அனுமதி உண்டா என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் வந்ததும் எஞ்சினை இறக்க அவசரப்படாதீர்கள். முதலில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து, ஒவ்வொரு கனெக்டரிலும் பெயர் எழுதி ஒட்டி, படம் எடுத்த பிறகே வயரிங்கைப் பிரியுங்கள்.